ரிம்ஃபயர் ரைபிள் தோட்டாக்கள்

ரிம்ஃபயர் என்பது உறையின் அடி விளிம்புக்குள் பற்றவைப்பு மருந்து இடப்பட்ட தோட்டா வகையாகும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அம்மருந்து தீப்பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தை எரிக்கிறது. விளிம்பு நசுங்குவதற்காக உறை மெல்லியதாகச் செய்யப்படுகிறது. எனவே அது அதிக அழுத்தம் தாங்காது. இதனாலேயே இன்றைய ரிம்ஃபயர் தோட்டாக்கள் சிறியவையாக உள்ளன. அமெரிக்கா போன்ற நாடுகளில் முயல், அணில் முதலிய சிறு விலங்குகளை வேட்டையாட இவை பயன்படுகின்றன.

முக்கிய அளவுகள்

.22 லாங் ரைபிள் (1887): குண்டின் விட்டம் சுமார் 5.6 மி.மீ., எடை பொதுவாக 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 முதல் 380 மீட்டர். விலை குறைவு, ஓசையும் குறைவு. சுமார் 75 மீட்டர் வரை வேட்டைக்கு ஏற்றது.

.22 மேக்னம் (1959): ஏறத்தாழ அதே எடையுள்ள குண்டு; வேகம் நொடிக்குச் சுமார் 570 மீட்டர். 100 மீட்டரைச் சற்றுத் தாண்டியும் பயன்படும்.

.17 எச்.எம்.ஆர். (2002): 1.1 கிராம் குண்டு. வேகம் நொடிக்குச் சுமார் 775 மீட்டர். 150 மீட்டர் வரை ஏறக்குறைய நேராகச் செல்லும். ஆனால் எடை குறைவானதால் காற்று இதை எளிதில் விலக்கிவிடும்.

தேர்வு

விலங்கின் அளவு, தொலைவு, காற்று ஆகியவற்றோடு, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறி தவறிய .22 குண்டு 1.5 கி.மீ.க்கு மேலும் செல்லக்கூடும். ஈயக் குண்டு கல்லிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும். .17 குண்டு பட்டவுடன் சிதறுவதால் தெறிக்கும் வாய்ப்பு குறைவு. எதுவாயினும் பின்னால் மண்மேடு இருப்பதே பாதுகாப்பு.

காஞ்சிபுரம் வட்டாரத்தில்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன வயல்கள் பெரும்பாலும் சமதளமானவை. வரப்பைத் தவிர குண்டைத் தடுக்க மேடு இல்லை. அருகிலேயே ஏரியும் அடுத்த ஊரும் இருக்கும். மேற்கூறிய மூன்று அளவுகளில் எதுவும் இந்நிலத்துக்குப் பொருந்தாது.

சட்டமும் இடம் தருவதில்லை. 1959-இல் இயற்றப்பட்ட படைக்கலச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, .22 ரைபிளைத் துப்பாக்கிக் கழக உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கு உரியதாகக் குறிப்பிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்குக் குறிப்பிட்டது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. இரண்டுக்கும் உரிமம் தேவை. முயல், கீரி, மயில் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. பயிரை மேய்ந்தாலும் அவற்றைச் சுடுவது குற்றமாகும்.

நெல்லுக்குப் பெருங்கேடு செய்யும் வயல் எலியோ இரவில் மேய்ந்து, பகலில் வளைக்குள் தங்குவது. அதைப் பிடிக்க ரைபிள் உதவாது. மூங்கிலால் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி, ஆந்தை வந்து அமர வயலில் நடும் குச்சிகள், வரப்புகளைச் சிறிதாக அமைத்தல் ஆகியவை பயன் தரும் வழிகள். இப்பகுதி இருளர்கள் மண்பானையில் புகைமூட்டி வளைக்குள் ஊதியும், வளையைத் தோண்டியும் எலி பிடிப்பதில் தேர்ந்தவர்கள். எலி வளையில் சேர்த்த நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும்.

.22 தோட்டாவுக்கு இந்தியாவில் உரிய இடம் துப்பாக்கிச் சுடுதளமே. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பயன்படுவதும் இதுவே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுவப்னில் குசாலே இப்பிரிவில் வெண்கலம் வென்றார்.