சிறிய வீட்டில் எத்தனை பூனைகள்?

ரங்கத் ஊர் மத்திய அந்தமானில் இருக்கிறது. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று பலரும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தமானில் மே மாதம் மழை தொடங்கும். டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும்.

மழையில் நனைந்த பூனைக்குட்டிகளைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். சிலர் அவற்றை வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். அது நல்ல மனம். ஆனால் நல்ல மனம் மட்டும் போதுமா? வீடு சிறியது. குட்டிகளோ பல. என்ன செய்யலாம்?

தற்காலிக வளர்ப்பு

ஆதரவற்ற குட்டிகளைச் சில வாரங்கள் வீட்டில் வைத்து வளர்க்கலாம். அவை தேறியதும் நல்ல குடும்பங்களுக்குக் கொடுத்துவிடலாம். இதுதான் தற்காலிக வளர்ப்பு. விலங்குக் காப்பகத்தில் இடம் இல்லாதபோது இது பெரிய உதவி. காப்பகமே இல்லாத ஊரில் இதுதான் ஒரே உதவி.

சென்னையில் புளூ கிராஸ் என்ற அமைப்பு இருக்கிறது. பெரிய அமைப்பு. அதுவும் ஒரு வீட்டில் தொடங்கியதுதான். 1959ஆம் ஆண்டு கேப்டன் சுந்தரம் என்ற விமானி மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவரும் அவர் மனைவி உஷா சுந்தரமும் பிள்ளைகளும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். 1964இல் அது சங்கமாகப் பதிவானது.

முதலில் எண்ணிப் பாருங்கள்

ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு திண்ணை உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு தாயின் நான்கு குட்டிகள் வளர்கின்றன. ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை தீனி. அப்படியானால் நாளுக்கு 16 முறை தட்டு வைக்க வேண்டும். கழிவுத் தட்டை இரண்டு வேளை சுத்தம் செய்ய வேண்டும். தடுப்பூசி போட வேண்டும்.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறார். "அக்கா, சந்தையில இன்னும் மூணு குட்டி கிடக்குது. நீங்கதான் வளர்க்கிறீங்களே, இதையும் வச்சுக்குங்க" என்கிறார். என்ன சொல்வது?

"இந்த நாலும் போகட்டும் தங்கச்சி. அதுவரைக்கும் அந்த மூணையும் நீ வச்சுக்கோ. எப்படிப் பார்க்கணும்னு நான் சொல்லித் தர்றேன்" என்று சொல்லலாம். இது கல்மனம் இல்லை. ஏன் என்று பாருங்கள்.

ஒரு குட்டியின் நோய் எல்லாவற்றுக்கும் வரும்

பூனைகளுக்குப் பேன்லூக்கோபீனியா என்ற கொடிய நோய் வரும். இது வைரஸ் கிருமியால் வருவது. காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும். குட்டி தீனி தின்னாது. ஓரிரு நாளில் செத்தும் போகும். இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். புதிதாக வந்த ஒரு குட்டிக்கு இந்த நோய் இருந்தால், வீட்டில் இருக்கும் நான்கும் சாகலாம். இரக்கப்பட்டுச் சேர்த்ததே கேடாக முடியும்.

ஆகவே புதிய குட்டியை 14 நாள் தனியாக வைக்க வேண்டும். தனி அறை வேண்டும் என்பதில்லை. குளியலறை போதும். வலை அடித்த மரப்பெட்டியும் போதும். அதற்குத் தனித் தட்டு, தனித் துணி வேண்டும். மற்றக் குட்டிகளைக் கவனித்த பிறகு, கடைசியாகத்தான் புதியதைத் தொட வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தனியாக வைக்க இடமே இல்லையா? அப்படியானால் அந்த வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு தாயின் குட்டிகள் மட்டும் போதும்.

குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தடுப்பூசி போடுவார். பூச்சி மருந்தும் கொடுப்பார். தடுப்பூசியை மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

என்ன கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?

பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பேதி ஆகும். நான்கு வாரம் ஆகாத குட்டிக்குப் பூனைக்குட்டிக்கான பால்மாவு வேண்டும். மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். குட்டியைக் குப்புற வைத்தே பால் புகட்டுங்கள். மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு மீன் கொடுக்கலாம். தீவில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் மீனை வேக வைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். பச்சை மீனையே தினமும் தின்றால் உடலில் உயிர்ச்சத்து குறையும். உப்புக் கருவாடு வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறும் வேண்டாம். அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வெறும் சோறு மட்டும் போட்டாலும் பூனை பிழைக்காது. அதற்கு மீன், கோழி, முட்டை போன்ற தீனி வேண்டும்.

நாம் காய்ச்சலுக்குத் தின்னும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். பினாயிலும் நஞ்சுதான். பினாயில் போட்ட தரையில் நடந்து, பூனை தன் காலை நக்கும். நஞ்சு உள்ளே போகும். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்த பின் குட்டிகளை விடுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள்

கழிவுத் தட்டில் காய்ந்த மண், மரத்தூள் அல்லது கிழித்த செய்தித்தாள் போடலாம். நான்கு குட்டிகளுக்குக் குறைந்தது இரண்டு தட்டு வையுங்கள். தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனைக் கழிவில் ஒரு வகைக் கிருமி இருக்கலாம். அது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். கழிவு ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் அந்தக் கிருமி தொற்றும். கர்ப்பிணிப் பெண் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். அந்தமானில் வெறிநோய் இல்லை என்று சொல்வார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம். புண் சீழ் பிடிக்கவும் கூடும்.

பெருகாமல் பார்ப்பது

பூனை சுமார் இரண்டு மாதம் சினையாக இருக்கும். நான்கைந்து மாதக் குட்டியே சினை பிடிக்கலாம். ஒரு பூனை ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு குட்டி போட்டால் எட்டுக் குட்டிகள். பிறகு அவையும் குட்டி போடும். எத்தனை வீடுகள் இருந்தாலும் போதாது. சுமார் நான்கு மாதத்தில் கருத்தடை செய்யலாம். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டியை வாங்கிப் போகிறவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

தீவுக்கு இது மிகவும் தேவை. நியூசிலாந்து நாட்டில் ஸ்டீவன்ஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது. பூனைகளும் வந்தன. பறக்கத் தெரியாத ஒரு சின்னப் பறவை அங்கே இருந்தது. பூனைகள் வேட்டையாடின. சில ஆண்டுகளில் அந்தப் பறவை இனமே அழிந்துபோனது. அந்தமானிலும் உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் இருக்கின்றன. பூனை வீட்டுக்குள் இருந்தால் பறவையும் பிழைக்கும், பூனையும் பிழைக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

குட்டிகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒரு முறை தராசில் எடை பார்த்து எழுதுங்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூட வேண்டும். எடை கூடவில்லை என்றால் நோய் இருக்கலாம். தடுப்பூசித் தேதியையும் எழுதுங்கள். எட்டு வாரத்துக்கு முன்பு தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கொடுக்கும்போது இந்தக் குறிப்பையும் எழுதிக் கொடுங்கள். அந்தக் குடும்பத்துக்கு உதவும். குட்டி போன பிறகு பெட்டியையும் தட்டையும் கழுவி வெயிலில் காய வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாரே, இப்போது அந்த மூன்று குட்டிகளுக்கு இடம் இருக்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் எத்தனை குட்டிகளை வளர்க்க முடியும்? புதிய குட்டியைத் தனியாக வைக்க எங்கே இடம் இருக்கிறது?

2. உங்கள் தெருவில் எத்தனை பூனைகள் இருக்கின்றன? அவற்றில் எத்தனைக்குக் கருத்தடை ஆகியிருக்கிறது?

3. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? யார் எதைச் செய்யலாம்?