பழைய காரில் பணம் போடுமுன்...

கொழும்புத்துறையின் கடலேரிக் காற்றில் உப்பு உண்டு. அது காரின் அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும். அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்து ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்கள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடின. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், கொஞ்சம் பெற்றோலில் இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். அந்தக் கைத்திறன் வியாபாரமாகுமா?

2014இல் பிரான்சின் கொட்டகையொன்றில், பத்திரிகைக் கட்டுகளின் கீழ் ஓர் இத்தாலியக் கார் அகப்பட்டது. 1961ஆம் ஆண்டின் பெராரி 250 ஜீ.ரீ. கலிபோர்னியா ஸ்பைடர். 2015 பெப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில், திருத்தப்படாமலே 1 கோடி 60 இலட்சம் யூரோவைத் தாண்டியது. காரணம் அருமை. அந்த ரகத்தில் தயாரானவை நூற்றுச் சொச்சம்தான். மொறிஸ் மைனரோ 16 இலட்சம்!

ஆகவே வியாபாரிகளே, கணக்கை முதலில் போடுங்கள். பதிவுப் புத்தகத்துடன் இயந்திர இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். காரைத் தூக்கி அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். இயந்திரத்தைவிட உக்கிய தகடே கூடுதலாகச் செலவு வைக்கும். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். திருத்தச் செலவும் வாங்கிய விலையும் சேர்ந்து சந்தை விலையைத் தாண்டுமானால், அது முதலீடல்ல, ஆசை. ஆசைக்குக் கடன் வாங்க வேண்டாம்.