முதுகும் ஒரு நெம்புகோல்தான்

கொடைரோட்டில் இரயிலை விட்டு இறங்குவோர் பெரும்பாலும் கொடைக்கானல் பேருந்தைத் தேடி ஓடுவார்கள். சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டங்களை நின்று பார்ப்பவர் குறைவு. அங்கே பந்தலின் கீழ் நாள் முழுதும் கையை உயர்த்திக் குலை வெட்டுகிறார்கள். நிரம்பிய பெட்டிகளைக் குனிந்து தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். இடுப்பு வலி வந்து ஒருவர் வீட்டில் படுத்துவிட்டால் அன்றைய கூலி போயிற்று.

இந்த வலிக்கும் இயற்பியலுக்கும் என்ன உறவு? வகுப்பில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் முழங்காலை மடக்காமல் குனிந்து 20 கிலோ பெட்டியைத் தூக்குகிறார். அடிமுதுகு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்தான் ஆதாரப் புள்ளி. பெட்டி அதிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்போம். இடுப்புக்கு மேலுள்ள உடலின் எடை 30 கிலோ. அது 20 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது. இரு திருப்புத்திறன்களையும் கூட்டினால் 800 + 600 = 1,400. இதைச் சமன் செய்யவேண்டிய முதுகுத் தசையோ ஆதாரத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. ஆகவே அது 1,400 ÷ 5, அதாவது 280 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கவேண்டும்! பெட்டியை 25 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்து, உடலின் எடை 10 செ.மீ. தூரத்தில் செயல்படும்படி நிமிர்ந்து தூக்கினால் 160 கிலோ போதும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு அழகாகக் கணக்கு வந்தால், பாரம் கூடினால் வலியும் கூடும் என்று முடிவுகட்டத் தோன்றும். இயற்பியல் ஆசிரியர்களுக்கு இந்த ஆசை சற்று அதிகம். ஆனால் வலி அப்படிக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது! தலை நரைப்பதைப் போலத்தான் இதுவும்.

முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி தணிகிறது. ஏன்? தண்டுவடத்தில் வலிச் செய்திகளுக்கு ஒரு 'வாயில்' இருக்கிறது, தொடு உணர்ச்சியும் மூளையும் அதைத் திறக்கவோ மூடவோ செய்யும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் கூறினர். அந்தக் கொள்கையில் பிற்பாடு திருத்தங்கள் வந்தன. ஆயினும் வலியைக் குறித்த ஆராய்ச்சியின் திசையையே அது மாற்றிவிட்டது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில், புண் ஆறிய பின்னரும் நரம்பு மண்டலம் கூர்மையாகிச் சிறு அசைவுக்கும் அபாய மணி அடிப்பதுண்டு. அச்சம், தூக்கமின்மை, கூலி போய்விடுமே என்ற கவலை எல்லாம் அந்த மணியை இன்னும் பலமாக ஒலிக்கச் செய்யும்.

பிசியோதெரப்பி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். மின்கருவியை வைத்து ஒத்தடம் கொடுப்பதே இந்தத் தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சிறு பகுதியே. முன்பெல்லாம் முதுகு வலிக்கு நீண்ட படுக்கை ஓய்வு சொல்வார்கள். இன்று, சாதாரண முதுகு வலிக்காரர் இயன்றவரை நடமாட வேண்டும் என்பதே அறிவுரை. குனியவே அஞ்சும் தோட்டத் தொழிலாளியை முதலில் வெறுங்கையுடன் குனிய வைத்து, பிறகு 2 கிலோ, 5 கிலோ என்று ஏற்றி, மீண்டும் பெட்டியைத் தூக்க வைப்பார் இயன்முறை மருத்துவர். காலில் மரத்துப்போதலும் பலவீனமும், சிறுநீர் கழிப்பதில் தடை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முதுகு வலியுடன் வந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் ஓடவேண்டும்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இதற்கான பி.பி.டி. பட்டப்படிப்பில் சேரலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், நமக்கு அருகே திருச்சியிலுள்ள அரசுக் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. உடற்கூறு, உடலியங்கியல், உளவியல் ஆகியவற்றோடு மேலே கண்ட நெம்புகோலும் அங்கே பாடமாக வரும்.