உங்களுக்குத் தெரியுமா? நுரைக்கும் ஒகேனக்கல் கல்

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல் பகுதியில் உள்ள கார்பனடைட் பாறைக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. பூமிக்கடியில் கொதித்த பாறைக்குழம்பிலிருந்து உருவானாலும் சுண்ணாம்பு நிறைந்த அபூர்வக் கல் அது. வீட்டு மீன் தொட்டிக்கு மட்டும் ஆகாது. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் ஏற்றிவிடும். கப்பி, மோலி தாங்கும். நியான் டெட்ரா பாவம்.

பொறுக்கிய கல் எதுவானாலும் காயவைத்து, ஆணியால் அழுத்திக் கீறி, அந்தப் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி எழுந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இங்கே தாராளமாகக் கிடைக்கும் கிரானைட், சார்னோகைட் கற்கள் பொதுவாக நுரைக்காது. உலோகம்போல் மின்னும் மஞ்சள் பொட்டு, துருக் கோடு தெரிந்தால் ஒதுக்குங்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக் கல்லும் வேண்டாம்.

சோப்பு போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பழைய பாத்திரத்தில் வைத்து வெந்நீர் ஊற்றி ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்து வேகவைக்கவே கூடாது. விரிசலுக்குள் சிக்கிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம். பிறகு வேறு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு வாரம் ஊறியும் அந்தத் தண்ணீரின் பி.எச். மாறவில்லையா? தொட்டியில் வைக்கலாம். முதலில் கல், பிறகு மணல். மணல்மேல் வைத்தால், அடியில் குழி பறிக்கும் மீன்கள் கல்லைச் சாய்த்துக் கண்ணாடியை உடைத்துவிடும்.