குறுங்குழற் சுழல்துப்பாக்கியும் அதன் பின்னுதைப்பும்

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனை நோக்கி ஏறும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள வட்டவளை, இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கொழுந்து மடுவத்தின் முன்னே சேறு படிந்த தரையில் நின்று மூட்டையை லொறியின்மேல் எறிபவரைக் கவனித்தால், மூட்டை முன்னே செல்ல அவர் சிறிது பின்னே சறுக்குவதைக் காணலாம். பாரமான ஆள் சிறிதே சறுக்குவார். மெலிந்த இளைஞனோ விழுந்தும் விடுவான். துப்பாக்கி சுடுபவனின் கையை உதைப்பதும் இதே நியதியினால்தான்.

இவ்விஷயம் என் சிந்தையிற் புகுந்தது இளமையிலே. துரைமார் காலத்துப் பங்களாக் கதைகளை என் பாட்டியார் சொல்லும்பொழுது, மேசை இழுப்பறையில் இருக்கும் சிறு கைத்துப்பாக்கி அவற்றில் தவறாது வரும். “பெருசு சும்மா இருக்கும் தம்பி, சிறுசுதான் கையைப் பதம் பார்க்கும்” என்பார். நாங்கள் நகைத்தோம். பெரிய துப்பாக்கியே பெரிதாக உதைக்கும் என்பதன்றோ எவர்க்கும் முதலில் தோன்றுவது! பௌதிகம் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட பின்னரே பாட்டியாரின் கூற்றைக் கணக்கிட்டுப் பார்க்க முற்பட்டேன்.

சுழல்துப்பாக்கியின் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் உண்டு. தோட்டாவில் உள்ள வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குண்டைக் குழலின் வழியே தள்ளுகின்றது. குண்டு பெறும் உந்தம், அதாவது அதன் திணிவை வேகத்தாற் பெருக்கி வருவது, எவ்வளவோ அவ்வளவு உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்கும் உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதி இது. ஆனால் உந்தம் சமமாயினும் சக்தி சமமாகாது. ஒரே உந்தத்தைப் பெறும் இரு பொருள்களுள் திணிவு குறைந்ததே மிகுந்த சக்தியைக் கொள்ளும். திணிவு பாதியாயின் சக்தி இருமடங்கு. கையை வருத்துவது பெரும்பாலும் இச்சக்தியே.

இனிக் குழலின் நீளத்தை நோக்குவோம். வாயு குண்டைத் தள்ளும் தூரமே அது குண்டின்மீது செய்யும் வேலையை நிருணயிக்கின்றது. குழல் குறுகின், வாயு தன் வேலையை முடிக்குமுன்பே குண்டு வெளியேறிவிடும். எஞ்சிய அமுக்கம் ஒளியாகவும் ஓசையாகவும் வீணாகும். உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள நுண்ணிய வெளியிலும் வாயு சிறிது கசிகின்றது. 0.38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவின் 10.2 கிராம் குண்டு, நான்கு அங்குலக் குழலில் செக்கனுக்குச் சுமார் 230 மீற்றர் வேகம் பெறும். இரண்டு அங்குலக் குழலில் அது சுமார் 210 மீற்றராகக் குறையும். இவ்விழப்பு பெரிதன்று. மருந்து மிகுந்த தோட்டாவிலோ இழப்பும் மிகும். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த 0.357 மக்னம் தோட்டா, அதே எடையுள்ள குண்டை நான்கு அங்குலக் குழலில் 375 மீற்றர் வேகத்துக்கு உந்துவது, இரண்டு அங்குலக் குழலில் ஏறத்தாழ 310 மீற்றர் அளவிலே நின்றுவிடும். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. பெயரிலுள்ள எண்களைக் கண்டு மயங்க வேண்டா. பழைய, வலுக்குறைந்த துப்பாக்கிகளில் மக்னம் தோட்டா புகாதிருக்கும்பொருட்டு அதன் கூட்டைச் சற்று நீட்டினர்.

குறுங்குழற் சுழல்துப்பாக்கி புதியதன்று. பேர்மிங்காமில் வெப்ளி நிறுவனம் 1872ஆம் ஆண்டில் ‘புல்டாக்’ என்னும் ஐந்தறைத் துப்பாக்கியைச் செய்தது. இரண்டரை அங்குலக் குழல், சட்டைப்பைக்குள் அடங்கும் உருவம், குண்டோ 0.44, 0.45 அங்குலப் பருமன். மலைநாட்டிற் கோப்பிச் செடிகள் இலைநோயால் அழியத் தொடங்கியிருந்த காலம் அது. பாட்டியார் கதையில் வந்த துப்பாக்கி இவ்வகையினதோ என்று எண்ணுவதுண்டு.

போர்த்துறையினர் நெடுங்காலம் பெரிய குண்டையும் பெரிய துப்பாக்கியையுமே விரும்பினர். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படை கொண்டிருந்த வெப்ளி ஆறாம் வகைத் துப்பாக்கி ஆறங்குலக் குழலும் சுமார் 1.1 கிலோகிராம் திணிவும் உடையது. அதன் 0.455 தோட்டாவின் குண்டு 17.2 கிராம், வேகம் செக்கனுக்கு 185 மீற்றர் அளவு. வெளியேறும் வாயுவின் பங்கை விடுத்துக் குண்டை மட்டும் கொண்டு கணக்கிடின், துப்பாக்கி செக்கனுக்கு 2.9 மீற்றர் வேகத்தில் பின்னே வரும்; பின்னுதைப்புச் சக்தி ஏறத்தாழ 4.6 யூல்.

அப்போர் முடிந்தபின் அவர்கள் கண்ட உண்மை யாதெனின், குறுகிய காலப் பயிற்சி பெற்ற சிப்பாய் இப்பெருந்துப்பாக்கியைக் கொண்டு செம்மையாகச் சுடுவதில்லை என்பதே. ஆகவே 1932ஆம் ஆண்டில் 0.38 அங்குலப் பருமனுள்ள என்பீல்ட் துப்பாக்கியை ஏற்றனர். அது ஏறத்தாழ 770 கிராம். குண்டு 13 கிராம். வேகம் 190 மீற்றர் அளவு. மேற்சொன்ன முறையிற் கணக்கிடின் உதைப்பு 4 யூல். துப்பாக்கியின் திணிவில் மூன்றிலொரு பங்கு குறைந்தும் உதைப்பு மிகவில்லை, சற்றே குறைந்தது. தோட்டாவின் வலிமையையும் உடன் குறைத்தமையே காரணம். ஒரு பேரரசின் படை தன் கைத்துப்பாக்கியின் ஆற்றலைத் தானே குறைத்துக்கொண்டது, கைக்கு அடங்காத ஆற்றல் பயனற்றது என்று அறிந்தமையாலன்றோ!

இதற்கு மாறான வழியை அமெரிக்கர் பின்பு மேற்கொண்டனர். 1927ஆம் ஆண்டில் கோல்ட் நிறுவனம் செய்த ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ இரண்டங்குலக் குழலும் ஆறு அறைகளும் சுமார் 600 கிராம் திணிவும் கொண்டது. 0.38 ஸ்பெஷல் தோட்டாவுடன் அதன் உதைப்பு 3.8 யூல் ஆகும், என்பீல்டுக்கு ஒப்பானதே. பின்னர் அலுமினியக் கலப்புலோகம் வந்தது. அதன்பின் ஸ்காந்தியமும் தைத்தானியமும் சேர்ந்தன. இன்று 330 கிராம் அளவே உள்ள துப்பாக்கியில் 0.357 மக்னம் தோட்டாவை இட்டுச் சுடுகின்றனர். அதன் குண்டுக்குரிய உந்தத்தைக் கணக்கிட்டபொழுது நான் வியப்படைந்தேன். பழைய 1.1 கிலோகிராம் வெப்ளியின் உந்தமும் இதன் உந்தமும் ஏறக்குறைய ஒன்றே! திணிவு மட்டும் மூன்றிலொன்றுக்கும் குறைவு. ஆகவே உதைப்பு 4.6 யூலிலிருந்து 15 யூலுக்கு ஏறுகின்றது. மக்னம் தோட்டாவில் மருந்து மிகுதியாதலின் வாயுவின் பங்கையும் கூட்டினால் இன்னும் மிகும். பாட்டியார் கூற்றுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கோல்ட் துப்பாக்கியோடு ஒப்பிடுமிடத்து, இதன் குண்டு சுமார் 225 யூலுக்குப் பதிலாக 490 யூல் சக்தி கொள்ளும். இருமடங்கு சற்று மிகை. கை தாங்கவேண்டிய உதைப்போ நான்கு மடங்கு. இக்கொள்முதலை இலாபமென்று கூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

மற்றுமொரு வினோதமும் உண்டு. மிக இலேசான துப்பாக்கி சடுதியாகப் பின்னே பாயும்பொழுது, சுடப்படாத அறைகளில் உள்ள தோட்டாக் கூடுகளும் அதனுடன் இழுபடும். கூட்டின் வாயிற் செருகப்பட்டுள்ள குண்டோ சடத்துவத்தால் நின்ற இடத்திலேயே நிற்க முயலும். இரண்டு மூன்று வெடிக்குப்பின் குண்டு கூட்டிலிருந்து சிறிது சிறிதாக வெளிவந்து உருளையின் முன்னே நீட்டிக்கொள்ள, உருளை சுழலாது சிக்கிவிடும். தன் உதைப்பினாலேயே தான் முடங்குகின்ற கருவி!

நமக்கு அணித்தான உதாரணம் இந்தியாவில் உண்டு. கான்பூரில் உள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு சனவரியில் ‘நிர்பீக்’ என்னும் 0.32 அங்குலச் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 2012ஆம் ஆண்டு தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின், பெண்களின் தற்காப்புக்கென விளம்பரப்படுத்தப்பட்டது. விலை ஒரு இலட்சத்து இருபதினாயிரம் இந்திய ரூபாவுக்கு மேல். அவ்விலை எந்தப் பெண்களுக்கு எட்டும் என்ற வினாவும் அன்று எழுந்தது. தைத்தானியக் கலப்புலோகத்தால் அதன் திணிவு 500 கிராம் அளவாக்கப்பட்டது. அதற்கு முந்திய இந்திய 0.32 துப்பாக்கி சுமார் 700 கிராம். இரண்டிலும் 6.35 கிராம் குண்டு செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொண்டால், பழையதில் உதைப்பு 1.15 யூல், புதியதில் 1.6 யூல். கைப்பையின் பாரம் குறைந்ததற்கு ஈடாக உதைப்பு ஐந்தில் இரண்டு பங்கு மிகுந்தது. எனினும் 0.32 தோட்டா மென்மையானதாதலின் இம்மிகுதி தாங்கத்தக்கதே. குண்டின் சக்தி 127 யூல் என்பதை நோக்கி, ‘இது போதுமா?’ என்று வினவியவர் பலர். வலிய தோட்டாவை அதே 500 கிராமுக்குள் அடக்கினால் கை என்னாகும் என்பதையும் அவர்கள் உடன் வினவியிருக்க வேண்டும்.

உதைப்பின் அளவேயன்றி அதன் திசையும் கருதத்தக்கது. குழல் கைக்கு மேலே அமைந்திருப்பதால் உதைப்பு நேரே பின்னோக்கி மட்டும் வருவதில்லை. பிடியை அச்சாகக் கொண்டு குழலின் முனையை மேலே தூக்குகின்றது. குறுங்குழலில் முனைப்பாரம் இல்லாமையால் இத்தூக்கல் விரைந்து நிகழும். பிடியும் சிறிதாதலின் அதே விசை உள்ளங்கையின் குறுகிய பரப்பில் அழுத்தும். அகன்ற இறப்பர்ப் பிடி இட்டால் வலி பெரிதும் தணிகின்றது. ஆனால் துப்பாக்கி சட்டைப்பைக்குள் அடங்காது!

பின்னுதைப்பு வெடித்தபின் வருவது. வெடிக்குமுன்னே வரும் இடர் ஒன்றும் இலேசான துப்பாக்கியில் உண்டு. சுத்தியலை முன்னரே பின்வளைத்து நிறுத்தாமற் சுடுவதாயின், விசைவில்லை இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை வேண்டும். அரைக் கிலோகிராம் துப்பாக்கியைத் தன்னைப்போற் பத்து மடங்கு எடை ஒரு விரலால் இழுக்குமாயின் அது எங்ஙனம் அசையாது நிற்கும்? பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையேயுள்ள தூரமும் குறைவாதலால், அவ்வசைவு கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை.