டயர் பெருத்தால் ஆபத்தும் பெருகும்

தங்கச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல் தமிழர்கள் பலர் வேறு பிழைப்பைத் தேடினார்கள். ஜீப், பொலிரோ ஓட்டிக் குடும்பம் நடத்துவோரும் உண்டு.

குண்டும் குழியுமான ரோட்டில் வண்டியின் அடி தட்டுகிறது. பெரிய டயர் மாட்டி, ஸ்பிரிங்கையும் தூக்கிவிட்டால் என்ன?

அரை அங்குல லாபம்

பொலிரோ டயர் 215/75 ஆர் 15. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 மாட்டினால் டயரின் விட்டம் 30 மில்லி மீட்டர் கூடும். ஆனால் வண்டி உயர்வதோ அதில் பாதிதான். சுமார் அரை அங்குலம்!

நஷ்டமோ அதிகம். மீட்டரில் 80 கிலோ மீட்டர் காட்டும்போது, வண்டி முன்னைவிட 3 கிலோ மீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடும். பிரேக் பிடிப்பு குறையும். ஸ்பிரிங்கையும் உயர்த்தினால், வளைவில் கவிழும் அபாயம் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும்.

அடி தட்டுகிறதா? தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். கம்பெனி சொன்ன அளவு டயரையே போடுங்கள். வண்டி பழைய உயரத்துக்கு வரும்; பிழைப்பும் கெடாது.