சிவகாசி காலண்டரும் கடையின் இணையப் பக்கமும்

புத்தாண்டுக்கு நாம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் சிவகாசி காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். முருகன் படம் அச்சகத்தாருடையது. தேதித் தாளும் அவர்களுடையதே. கடைப் பெயர் மட்டும்தான் நம்முடையது. அதே முருகன் அடுத்த தெரு அரிசிக் கடையிலும் இருப்பார். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. கடைக்கு இணையப் பக்கம் செய்வதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் பருப்பு மண்டிக்குப் பக்கம் செய்து கொடுத்தவர், தொட்டால் விரியும் விலைப்பட்டியல், தானாக நகரும் படவரிசை, ஆர்டர் கேட்கும் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை போட்டிருந்தார். கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு எண்ணெய் வியாபாரியின் பக்கத்தைத் திறந்தால் அதே பட்டியல், அதே பெட்டி. நிறம் மட்டும் வேறு! கணினி படித்த என் தம்பி மகனிடம் காட்டினேன். "பெரியப்பா, இதெல்லாம் சும்மா கிடைக்கிற சரக்கு" என்று சிரித்தான்.

அவன் விளக்கியது இது. பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, எது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது சி.எஸ்.எஸ். தொட்டால் விரிவது, தொகையைக் கூட்டிக் காட்டுவது போன்ற வேலைகளைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கியது. ஒரே மெனுவை ஆளாளுக்கு எழுதுவானேன் என்று, எழுதியதைப் பொட்டலம் கட்டிப் பொதுவில் வைக்கத் தொடங்கினார்கள். ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் இருவரும் செய்து 2011 ஆகஸ்டில் வெளியான 'பூட்ஸ்ட்ராப்' அப்படி ஒன்று. பித்தான், மெனு, படவரிசை எல்லாம் அதில் தயார். காசு கிடையாது, உரிம வாசகத்தை நீக்காமல் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

தயார்ச் சரக்கைப் போட்டதில் தவறில்லை. நம்மில் எத்தனை பேர் மிளகாய்ப் பொடியை நாமே அரைத்து விற்கிறோம்? தானே அரைத்ததாக விலை போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூட்டைக்கு ஒரு விலை, சில்லறைக்கு ஒரு விலை காட்டுவதும், செல்போனில் தமிழ் எழுத்து உடையாமல் வரச் செய்வதும் உண்மையான வேலை. அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பலர் இந்தப் பொட்டலத்தைத் தம் இடத்தில் இறக்கி வைப்பதில்லை. வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வேறொருவர் கிடங்கிலிருந்து வரும்படி ஏற்பாடு. கிடங்கு கைமாறினால்? பழைய பிரவுசர்களிலும் புதிய வசதிகள் வேலை செய்ய உதவிய 'பாலிஃபில்' அப்படித்தான் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூனில் பார்த்தால், அங்கிருந்து வந்த சரக்கில் கலப்படம்! செல்போனில் பார்த்தவர்களில் சிலரை அது சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளியது. அதைப் பயன்படுத்திய தளங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கடைக்காரர் ஒரு பாவமும் அறியார். ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது கடைப் பெயர்தானே?

2016 மார்ச்சில் நடந்தது வேறு விதம். பில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நிரப்புவது போன்ற வேலைக்கான, 11 வரியே உள்ள ஒரு பொட்டலம். ஒரு பெயர்த் தகராறில் எழுதியவர் கோபித்துக்கொண்டு அதைத் திரும்ப எடுத்துவிட, நம்பியிருந்த பல நிறுவனங்களின் வேலை சில மணி நேரம் தடைப்பட்டது.

எங்கள் பக்கத்தைச் சோதித்ததில் நான்கு கோப்புகள் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தன. மூன்றை எங்கள் இடத்திலேயே இறக்கி வைத்தான் தம்பி மகன். ஒன்று தேவையே இல்லையாம், எடுத்துவிட்டான். ஒவ்வொன்றின் பெயர், பதிப்பு எண், இறக்கிய தேதி ஆகியவற்றைக் கொள்முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இறக்கி வைத்த சரக்கும் பழசாகும். ஓட்டை அடைத்த புதுப் பதிப்பு வந்தால் மாற்றியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவனுக்குக் கூலி உண்டு.